ஆள்காட்டிக்கு ஆஜர்

மார்ச் 4

நம் மகளின் அப்பாவுக்கு,

தொடை எலும்பு சேர்ந்துகொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. அடுப்படிச் சுவர் கரியில்லாமல் நலமாக இருக்கிறதா என்று வேண்டுமானால் கேட்கிறேன்.

நான் போனில் பேசுவதில்லை என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். நேற்றுப் போனில் நடந்தது என்ன? "கொட்டகையில குருவி கூடு கட்ட ஆரம்பிச்சிருச்சா?" என்று நான் கேட்டேன். "கூடையெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு" என்று நீங்கள் சொன்னீர்கள். இன்னும் உரக்கக் கத்தினால் இந்த நாலாம் மாடியில் எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார்கள். அதனால்தான் கடிதம். கடிதத்துக்குக் காது வேண்டாம், கண் போதும். உங்கள் கண் இன்னும் விளக்கில்லாமல் ஊசியில் நூல் கோக்கிறது.

பதிவேட்டை இத்தனை வருடம் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்தவருக்கு முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வரும்போது, மிஞ்சிய வெற்று வருகைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி வந்தேன் அல்லவா? இடது ஓரம் பிள்ளைகள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பூ, குருவி, தவளை, பூச்சி எல்லாவற்றின் பெயரும் இருக்கும். மொத்தம் முப்பத்திரண்டு வரி. காலை ஏழு மணிக்கு வாசலில் தொடங்கி, கிணற்றடி, கொட்டகை, ஓடைக்கரை, பாதை என்று ஒரு சுற்று வர வேண்டும். கண்ணில் பட்டதற்குச் சாய்கோடு, படாததற்குச் சுழி. பதினான்கு வசந்தமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சலிலும் போர்வையோடு போயிருக்கிறேன்.

கடைசி வரி ஆள்காட்டிப் பறவை. அதற்குப் பன்னிரண்டு வருடமாகச் சுழிதான். இருந்தாலும் தினம் அந்தச் சுழியைப் போடுங்கள். வராத பிள்ளையின் பெயரை நான் அடிப்பதில்லை.

ஸ்டூலில் ஏறிக் கூட்டை எட்டிப் பார்த்தது என் தப்பு. ஆடுகிற ஸ்டூலின் காலுக்கு மூன்று வருடமாக அட்டையை மடித்து வைத்துச் சமாளித்தது உங்கள் தப்பு. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மகள் ஒரே பிடியாக நிற்கிறாள். அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்து அந்தக் குண்டும் குழியுமான பாதையில் ரோடு வரை தூக்கி வந்ததை அவள் மறக்கவில்லை. இரண்டு தடவை சறுக்கினார்கள். "ஏப்ரல் முடியறதுக்குள்ள கார் வாசல் வரைக்கும் வரணும். இல்லன்னா அப்பாவும் மூட்டையக் கட்டிக்கிட்டு இங்க வந்துடட்டும். வீட்டப் பூட்டிடலாம்" என்கிறாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிறவள், அவளிடம் வாதாட முடியவில்லை. பாதையைச் சீர்செய்ய ஆளைப் பாருங்கள்.

முதல் வாரக் குறிப்பை உடனே அனுப்பவும்.

இப்படிக்கு,
பதிவேட்டின் சொந்தக்காரி


மார்ச் 9

வீட்டுக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டு எங்கே, சேதி எங்கே என்று பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் ஆயிற்று.

நாற்பது வருடம் ஊராரின் இடுப்பையும் கழுத்தையும் அளந்தவனை இந்த வயதில் புல்லுக்கு ஆஜர் எடுக்க அனுப்புகிறாய். எனக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரிகிறது. பச்சையில் எட்டு ஷேடு இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்வேன். சோறு வடிக்கவா, துணி துவைக்கவா, ஓடைக்கரையில் உட்கார்ந்து தவளையை எண்ணவா? நான் தெரியாமல்தான் கேட்கிறேன், நீ பார்க்காவிட்டால் பூ பூக்காதா?

இருந்தாலும் நீ கேட்டாய் என்பதற்காக முதல் வாரக் குறிப்பைத் தனித்தாளில் சுத்தமாக எழுதி இணைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு வரியும் இருக்கிறது. ஓரக் குறிப்புகள்கூட இருக்கின்றன. ஏழு நாளும் சரியாக ஏழு மணிக்குச் சுற்றினேன்.

பாதைக்கு மண் வாரும் வண்டிக்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன்.

அடுப்படிச் சுவர் நலம்.

இப்படிக்கு,
உன் புருஷன்


மார்ச் 13

நம் மகளின் அப்பாவுக்கு,

குறிப்பு கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. அதில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. வெளியில் நின்று எழுதியவர் கையெழுத்து அப்படி இருக்காது.

"மார்ச் 6. மரங்கொத்தி இரண்டு, கிணற்றடி மரப் பொந்தில் கூடு சரிசெய்கின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கிணற்றடி மரம்? போன அக்டோபரில் காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்று நீங்களே ஆள் வைத்து வெட்டினீர்களே, அந்த மரமா? அந்த மரம் உங்கள் தையல் அறையில் வெட்டுமேஜையாக நிற்கிறது. அதன் மேல் தாளை வைத்துக்கொண்டுதான் அதன் பொந்தில் மரங்கொத்தி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

போன வருடப் பதிவேட்டை எடுத்து வரிக்கு வரி காப்பி அடித்திருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் குறைந்தபட்சம் சோறாவது நிறைய வைப்பார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், வராத பிள்ளைகளுக்கு ஆஜர் போட்டார். அவர் மாற்றலாகிப் போகிறவரை அவருக்கு நான் ஒரு சாக்பீஸ்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. மற்றவர்களுக்கு ஆயிரம் பாவம் இருக்கலாம், எனக்கு ஒரே பாவம்தான். அதைக் கட்டின புருஷனே செய்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பார்த்தால் எழுதுங்கள். பார்க்காவிட்டால் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். பொய்யான சாய்கோட்டைவிட உண்மையான வெற்றுக் கட்டம் மேல். அந்த ஏழு நாள் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். சிவப்பு மையில் குறுக்கே அடித்து, "ஆள் இல்லை" என்று எழுதி வையுங்கள்.

இங்கே என் ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்தின் குழாய்கள் தெரிகின்றன. பதினொரு குழாய். நேற்றும் பதினொன்று, இன்றும் பதினொன்று.


மார்ச் 18

வீட்டுக்காரிக்கு,

அடித்துவிட்டேன். சிவப்பு மையில்.

மாட்டிக்கொண்டதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. சரி, விடு.

வியாழக்கிழமையிலிருந்து உண்மையாகவே சுற்றுகிறேன். ஆனால் பெயர் கேட்காதே. தெரிந்த மாதிரி எழுதுகிறேன், நீயே கண்டுபிடி.

ஒன்று. வாசல் ஓரம், முழங்கால் உயரம். பச்சைப் பொத்தான் போல ஒரு குண்டு, அதைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கிழித்துச் செருகியது போலப் பூ. கீழ் உதடு மேல் உதட்டைவிட நீளம். எனக்கு அப்படி ஒரு காலர் வந்திருந்தால் பிரித்து மறுபடி தைத்திருப்பேன்.

இரண்டு. கிணற்றடி ஈரத்தில். மூன்று மூன்று இலை, ஒவ்வொன்றும் நடுவில் மடித்து இஸ்திரி போட்டிருக்கிறது. மஞ்சள் பூ, ஐந்து இதழ், குறுக்கே அரை அங்குலம். சாயங்காலம் நாலரைக்குக் கடையை மூடிவிட்டது.

மூன்று. பாதையில், கல் இடுக்கில். நீலம். தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது. இதழுக்கும் இதழுக்கும் நடுவில் தையலே இல்லை, முழுவட்டத்தை ஒரே துணியில் வெட்டியிருக்கிறது. குனிந்து பத்து நிமிடம் பார்த்தேன். பால்காரர் வந்து, "என்னங்க, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், "ஊசி" என்று சொல்லிவிட்டேன். அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். நல்ல மனிதர்.

நாலு. கொட்டகைப் படியில் பாம்பு கழற்றிப்போட்ட சட்டை. நாலடி இரண்டு அங்குலம். ஒரு கிழிசல் இல்லை. கழுத்து வழியாகவே கழற்றியிருக்கிறது. பட்டனும் இல்லாமல் காஜாவும் இல்லாமல் இப்படி ஒரு பொருத்தம் நான் தைத்ததில்லை. பாம்பு எங்கே என்று தெரியவில்லை. நான் இப்போது கொட்டகைக்குள் கை தட்டிக்கொண்டே போகிறேன்.

வண்டிக்காரர் ஏப்ரல் ஒன்பதாம் தேதி வருவதாகச் சொல்லிவிட்டார். பாதையை அங்குல நாடாவால் அளந்தேன். வேலிக் கதவிலிருந்து வாசல் வரை இருநூற்று எண்பத்தாறு அடி, அகலம் ஒன்பது அடி. ஒரு பக்கம் கல்கட்டு, ஒரு பக்கம் ஓடை. அவர் வண்டி எட்டடி. சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
காப்பி அடிக்காத கையால்


மார்ச் 23

நம் மகளின் அப்பாவுக்கு,

ஒன்று தும்பை. இரண்டு புளியாரை. மூன்று விஷ்ணுகிராந்தி. மூன்றும் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நம் வாசலில் முப்பது வருடமாக இருக்கின்றன. அவற்றை மிதித்துக்கொண்டுதான் நீங்கள் கடைக்குப் போனீர்கள், வந்தீர்கள்.

அரை அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். பூவைப் பறித்து அளந்தீர்களா, செடியில் வைத்து அளந்தீர்களா? பறித்திருந்தால் இனிமேல் வேண்டாம். அளவெடுக்க ஆளை வெட்ட வேண்டியதில்லை.

புளியாரை மூடுகிற நேரத்தை நான் இதுவரை குறித்ததில்லை. அதை மட்டும் தொடர்ந்து எழுதுங்கள்.

இங்கே ஒரு பிசியோதெரபிப் பெண் வருகிறாள். "பாப்பா, காலைத் தூக்குங்க பாப்பா" என்கிறாள். எனக்கு அறுபத்தாறு வயது. மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகச் சொல்கிறாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கார்தான் வாசலுக்கே வரப்போகிறதே, எனக்கு எதற்குப் படி? மகளுக்குக் கோபம். அவள் கோபப்பட்டால் மூக்கு உங்களைப் போலவே சிவக்கிறது.

கொட்டகையில் நடக்கும்போது கை தட்ட வேண்டாம். பாம்புக்குக் காது உங்களைப் போலத்தான். காலை அழுத்தி ஊன்றி நடங்கள், அதிர்வு போதும்.


ஏப்ரல் 2

வீட்டுக்காரிக்கு,

தகைவிலான் குருவி வந்துவிட்டது. வால் கத்தரிக்கோல் மாதிரிப் பிளந்திருக்கிறது என்று நீ சொல்லும்போதெல்லாம் ஏதோ சொல்கிறாள் என்று இருப்பேன். கத்தரிக்கோலேதான். ஒன்பது அங்குலக் கத்தரி, பாதி திறந்தது. நேற்றுக் காலை இரண்டு, இன்று நாலு. ஓடைச் சேற்றை வாயில் அள்ளிக்கொண்டு வந்து பழைய கூட்டின் விளிம்புக்கு ஒட்டுப் போடுகின்றன. ஒரு மணி நேரத்தில் இருபத்தேழு நடை. நான் எண்ணினேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையும் உன் கணக்கிலேயே எழுதிக்கொள்.

ஸ்டூலை இனி அட்டை வைக்க வேண்டாத மாதிரிச் சரிசெய்துவிட்டேன். அதில் ஏறமாட்டேன். கீழே உட்கார்ந்தே பார்க்கிறேன்.

பாதையில் கல்லும் சரளையுமாக இருக்கிற நடு இடத்தில் ஒரு பறவை நிற்கிறது. நீளக் கால். மஞ்சள் கால். முகத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. நான் போனால் ஊரைக் கூட்டுகிறது. என் காதுக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். பெயர் தெரியாததால் எந்த வரியிலும் போடவில்லை.

இன்னும் ஏழு நாளில் வண்டி. பதினெட்டாம் தேதிவாக்கில் நீ வீட்டில் இருப்பாய். அதன் பிறகு உன் பிள்ளைகளை நீயே கூப்பிட்டு ஆஜர் எடுத்துக்கொள். எனக்கு முதுகு வலிக்கிறது.


ஏப்ரல் 6

அந்தப் பறவை ஆள்காட்டி.

கடைசி வரி. சுழி போட வேண்டாம், சாய்கோடு போடுங்கள். எத்தனை நாளாக நிற்கிறது? ஒன்றா, இரண்டா? தினமும் அதே இடத்திலா? எனக்கு இன்றைக்கே பதில் போடுங்கள். மறந்தும் பக்கத்தில் போகாதீர்கள்.


ஏப்ரல் 12

வீட்டுக்காரிக்கு,

அந்தப் பறவையை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வழிப்போக்காக வந்திருக்கும்.

மண் வண்டி வரவில்லை. வண்டிக்காரருக்குக் காய்ச்சலாம். வேறு ஆள் பார்க்க வேண்டும்.

தும்பை, புளியாரை, தகைவிலான் எல்லாம் ஆஜர். புளியாரை நாலு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு மூடியது.

வேறொன்றும் இல்லை.


ஏப்ரல் 16

தையற்காரருக்கு,

வண்டிக்காரருக்குக் காய்ச்சல் இல்லை. மகள் அவருக்குப் போன் செய்தாள். அவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்தாராம். "ஐயா பாதை நடுவுல குடையப் பிடிச்சிக்கிட்டு நின்னாரும்மா. உள்ள வரக்கூடாதுன்னாரு. ஏன்னு கேட்டா, போய்ட்டு வாங்கன்னாரு. நான் அணை வேலைக்குப் போறேன், இனி மழைக்காலம் கழிச்சுத்தான் வருவேன்னு சொல்லிப் பாத்தேன். சரின்னுட்டாரு" என்று அவர் சொன்னதை மகள் எனக்கு அப்படியே ஒப்பித்தாள்.

சரி என்று சொன்னீர்களாம்.

போன வருடப் பதிவேட்டைக் காப்பி அடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் இல்லாமல் வீடு சௌகரியமாக இருக்கிறது போல. விடியற்காலை எழுப்ப ஆள் இல்லை, அடுப்படிச் சுவரைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. மழைக்காலம் கழிந்து என்றால் இன்னும் ஏழு மாதம். அதற்குள் மகள் வீட்டைப் பூட்டிவிடுவாள், எனக்கும் இந்தக் குழாய்கள் பழகிவிடும். அதுதான் உங்கள் விருப்பம் என்றால் நேராக எழுதியிருக்கலாம். நாற்பத்தொரு வருடம் கூட இருந்தவளிடம் காய்ச்சல் கதை எதற்கு?

வர வேண்டாம் என்றால் வர வேண்டாம் என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைத் தாங்குவேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.


ஏப்ரல் 20

வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பாதையிலேயே நின்று படித்தேன். தபால்காரர் தண்ணீர் கொடுத்தார்.

நேராகவே எழுதுகிறேன். ஏப்ரல் எட்டாம் தேதி சாயங்காலம், மறுநாள் வண்டி வருகிறதே என்று பாதையில் பெரிய கல்லெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பதாவது அடியில், சரியாக நடுவில், நாலு கல் ஒரே மாதிரி இருந்தன. எடுக்கக் கை நீட்டிவிட்டேன். பறவை தலைக்கு மேல் வந்து கத்திய பிறகுதான் அவை கல் இல்லை என்று புரிந்தது. நாலு முட்டை. மண்நிறம், மேலே கறுப்பு மை தெளித்தது போல. கூர்முனை நாலும் உள்ளே பார்த்து, நாலு துண்டுத் துணியை மூலை சேர்த்து வைத்தது போல இருந்தன. கீழே புல்கூட இல்லை. சுற்றிலும் சின்னச் சின்னச் சரளைக்கல்லை வரிசையாக வைத்திருக்கிறது.

பாதை ஒன்பதடி, வண்டி எட்டடி. ஒதுங்க இடமில்லை.

முட்டையை இரண்டு கஜம் நகர்த்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன். முறத்தைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது.

உன்னிடம் காப்பி அடித்து மாட்டினேனே, அப்போது எந்த வருடம் சுலபமாக இருக்கும் என்று எல்லாப் பதிவேட்டையும் புரட்டினேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியதில் ஆள்காட்டிக்கு நேராக ஓரத்தில் உன் கையெழுத்து: "சீருடை வேன் வரவேண்டும் என்பதற்காக முட்டைகளை முறத்தில் எடுத்து ஓரமாக வைத்தேன். தாய் திரும்பவில்லை. தப்பு என்னுடையது." அதற்குப் பிறகு எல்லாம் சுழி. வருடா வருடம், தினம் தினம் சுழி.

உன்னுடைய தப்பா அது? பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது நானூறு சட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு, "நாலு முட்டைக்காக நானூறு பிள்ளைங்க சட்டையில்லாம நிக்கணுமா?" என்று கத்தியவன் நான். வெள்ளத்தில் அரிக்காமல் பாதை அப்போது நன்றாக இருந்தது, வேன் வந்தது, போனது. நீ உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதியிருக்கிறாய். நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். நீ பன்னிரண்டு வருடம் சுழி போட்டாய்.

அதனால்தான் குடையோடு நின்றேன். வண்டிக்காரரிடம் காரணம் சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டு, தானே இறங்கி முட்டையை நகர்த்தியிருப்பார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், குஞ்சு பொரித்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நடுவில் நாயோ பாம்போ எடுத்துவிட்டால், இன்னொரு தடவை நீ அதைத் தாங்க வேண்டாம் என்று நினைத்தேன். காய்ச்சல் கதை கட்டினேன். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

தினமும் பகலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நாய் வந்தால் விரட்டுகிறேன். பால்காரரும் தபால்காரரும் கல்கட்டின் மேல் ஏறிச் சுற்றிப் போகிறார்கள். வெயிலுக்கு அதன் மேல் குடையைக் கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அது நாள் முழுக்கக் கத்துகிறது. ஏன் என்று தெரியவில்லை.

நீ இல்லாமல் வீடு சௌகரியமாக இருக்கிறதாம். நேற்று இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டேன். நீ வர வேண்டும். எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.


ஏப்ரல் 24

நம் மகளின் அப்பாவுக்கு,

முதலில் குடையை எடுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் எடுத்துவிட்டு வாருங்கள்.

எடுத்தாயிற்றா? அது கத்துவது உங்கள் குடையைப் பார்த்துத்தான். அதற்கு வெயிலுக்கு வழி தெரியும். ஓடையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். நீங்கள் பன்னிரண்டு நாளாக அதன் தலைக்கு மேல் கறுப்பாக ஒரு பருந்தைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அப்படியும் அது விட்டுப் போகவில்லை என்றால், அது என்னைவிடப் பொறுமைசாலி.

பத்தடி தள்ளி உட்காருங்கள். உங்களிடம் பத்தடி என்றால் மூன்றடி தள்ளி உட்காருவீர்கள், ஆகவே முப்பதடி. நாடாவால் அளந்து உட்காருங்கள். முகத்துக்கு நேராகப் பார்க்காதீர்கள். எட்டாம் தேதி நாலு முட்டையும் இருந்தது என்றால் மே ஐந்து, ஆறில் பொரிக்கும். பொரித்த ஒரு நாளிலேயே குஞ்சுகள் எழுந்து நடந்து புல்லுக்குள் போய்விடும். பிடிக்கக் கூடாது. அளக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். முறம் வரைக்கும் சிரித்தாள். அதற்குப் பிறகு மூக்கு சிவந்தது. ஆனால் பிடியை விடவில்லை. "சரி, கார் வரவேண்டாம். ஆனா கரடுமுரடான தரையில, யாரு கையும் பிடிக்காம, இருநூத்தி எண்பத்தாறு அடி அம்மா நடந்து காட்டட்டும். இல்லன்னா வீட்டுக்குப் பூட்டுதான்" என்கிறாள். தேதியை மட்டும் ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறாள். இது உங்களிடமிருந்து வந்த பிடிவாதம், என்னிடமிருந்து வந்த கணக்கு.

பிசியோதெரபிப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன், பாப்பா என்றே கூப்பிட்டுக்கொள், படிக்குக் கூட்டிப்போ என்று. ஒரு மாதம் வீணாக்கியதற்கு இப்போது அனுபவிக்கிறேன். நேற்று ஒரு மாடி. இறங்கும்போது அழுகை வந்தது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், பார்த்ததை எழுதச் சொல்லி உங்களைத் திட்டியவள் நான்தானே. முடியுமா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஓரக் குறிப்பை நீங்கள் படிப்பீர்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆள்காட்டிக்கு விட்டுப்போன நாளெல்லாம் சாய்கோடு போடுங்கள். பார்க்காத நாளுக்குப் போடாதீர்கள்.


மே 7

வீட்டுக்காரிக்கு,

முப்பதடி தள்ளி, ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்டூல் ஆடவில்லை.

குடையை எடுத்த அன்றே கத்தல் நின்றது. உன்னிடம் முன்பே கேட்டிருக்கலாம்.

முந்தாநாள் சாயங்காலம் ஒரு முட்டையில் ஊசி குத்தியது போல ஓட்டை. நேற்று மதியத்துக்குள் மூன்று பொரித்துவிட்டன. நாலாவது பொரிக்கவில்லை. அதையும் அப்படியே எழுதுகிறேன். குஞ்சுகள் பஞ்சை உருட்டிக் கால் வைத்தது போல இருக்கின்றன. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டி. அம்மா ஒரு குரல் கொடுத்தால் மூன்றும் கல்லாகிவிடுகின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகின்றன. இன்று காலை ஒவ்வொன்றாகப் புல் பக்கம் போக ஆரம்பித்திருக்கின்றன. முதல் குஞ்சு போய்விட்டது. இரண்டாவது சக்கரத் தடத்துப் பள்ளத்தில் விழுந்து எழுந்து, மறுபடி விழுந்தது. போய்த் தூக்கிவிடக் கை பரபரக்கிறது. நீ திட்டுவாய் என்று கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏறிவிட்டது.

உன்னிடமிருந்து பதின்மூன்று நாளாகக் கடிதம் இல்லை. எத்தனை மாடி ஏறினாய் என்று எழுதவே இல்லை. முடியவில்லை என்றால் சொல், நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறேன். பதினொரு குழாயை இரண்டு பேருமாக எண்ணலாம். வசந்தத்துக்கு மட்டும் இங்கே வந்து

ஆள்காட்டி கத்துகிறது. பால்காரராக இருக்கும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பதிவேட்டில் இன்றைய பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன். ஓரக் குறிப்பும் எழுதிவிடுகிறேன்: தும்பை, புளியாரை, விஷ்ணுகிராந்தி, தகைவிலான் ஆஜர். ஆள்காட்டி பெரியது இரண்டு, குஞ்சு மூன்று. ஒரு பெண், அறுபத்தாறு வயது, பாதை வழியாக, கைத்தடியோடு. வலது கால் கொஞ்சம் தாமதம். யார் கையும் பிடிக்கவில்லை. முட்டை இருந்த இடத்தில் கல்கட்டை ஒட்டிச் சுற்றி வந்தாள். மகள் வேலிக் கதவுக்கு வெளியிலேயே நின்றாள். வந்த நேரம் ஏழு நாற்பது.

(அதன் கீழே, சிவப்பு மையில்)

நேரம் தப்பு. வேலிக் கதவுக்கு நான் வந்தது ஏழு முப்பத்தைந்துக்கு. குஞ்சுகள் பாதையைக் கடக்கட்டும் என்று ஐந்து நிமிடம் அசையாமல் நின்றேன். நான் அசைந்த பிறகுதான் பறவை கத்தியது. அது கத்திய பிறகும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஐந்து நிமிடமும் நீங்கள் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தி எழுதவும்.